வயலில் அமர்ந்து உண்ட பெண்

(வானொலி அருளுரை: மே முதல் நாள், தொழிலாளரான புனித யோசேப்பு நினைவு)



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு மாலை. திருப்பலி முடிந்து எல்லாரும் கலைந்து போன பிறகும் ஓர் இளைஞர் மட்டும் கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒப்புரவு அருளடையாளம் பெற வந்திருப்பாரோ என்று நினைத்துக் கேட்டோம். "இல்ல ஃபாதர், சும்மா பேசணும்" என்றார். மாதா கெபியின் பக்கத்தில் இருந்த திண்ணையில் உட்கார்ந்தோம். அங்கே அவர் சொன்னதை மற்றவர்களிடம் சொல்ல அவரே இசைவு தந்திருக்கிறார். அதனால்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

அவர் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறார். "சம்பளத்துக்குக் குறையில்ல ஃபாதர். மேனேஜர் திட்டுறதும் இல்ல. சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் சிரிச்சுப் பேசிக்கிட்டுதான் இருக்கோம். ஆனா ஞாயித்துக்கெழமை சாயங்காலம் ஆனா போதும், வயிறு கலக்குது. திங்கக்கெழமை ஆபீசுக்குப் போகணுமேன்னு இருக்கு" என்றார்.

காரணம் கேட்டோம். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டுச் சொன்னார். வராத சரக்கு வந்ததாக அவ்வப்போது பதிவு செய்யச் சொல்வார்களாம். பில்லில் பழைய தேதி போடச் சொல்வார்களாம். "எல்லாக் கம்பெனியிலும் நடக்கிறதுதானே" என்று மற்றவர்கள் சொல்வார்களாம். வீட்டுக் கடன் இருக்கிறது. தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள். "வேலையை விட்டுறட்டுமா ஃபாதர்? இல்ல, மனசை மரத்துப்போகப் பண்ணிக்கட்டுமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று நாம் உடனே பதில் சொல்லவில்லை. இன்றும் நேரே பதிலுக்குப் போய்விட வேண்டாம். அதற்கு முன் வேறொன்றைச் சிந்திப்போம்: வேலை செய்யும் இடத்தில் இருக்கும் நேர்மைக்கும், வேலை செய்பவரின் மனநிறைவுக்கும் என்ன தொடர்பு?

சம்பளமும் உப்பும்

வேலையில் மனநிறைவு என்றதும் பெரும்பாலும் நாம் சம்பளத்தைத்தான் நினைக்கிறோம். அடுத்ததாக விடுமுறை, வீட்டுக்குப் பக்கத்தில் வேலை, கடிந்துகொள்ளாத அதிகாரி. இவையெல்லாம் தேவைதான். ஆனால் இவை எல்லாம் இருந்தும் அந்த இளைஞருக்கு ஏன் வயிறு கலங்குகிறது?

ஃபிரெடரிக் ஹெர்ஸ்பர்க் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் தம் துணையாசிரியர்களோடு 1959ம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். பிட்ஸ்பர்க் பகுதியில் வேலை செய்த ஏறக்குறைய 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் சந்தித்து, உங்கள் வேலையில் மிகவும் மகிழ்ந்த நேரம் எது, மிகவும் வெறுத்த நேரம் எது என்று கேட்டிருந்தார்கள். விடைகளைப் பிரித்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. வெறுப்புக்குக் காரணமாகச் சொன்னவை பெரும்பாலும் நிறுவனத்தின் கொள்கை, மேற்பார்வை, சம்பளம், வேலைச்சூழல் போன்றவை. மகிழ்ச்சிக்குக் காரணமாகச் சொன்னவையோ வேறு: ஒன்றைச் செய்து முடித்த நிறைவு, அதற்குக் கிடைத்த மதிப்பு, பொறுப்பு, அந்த வேலையே தரும் ஈடுபாடு. ஒரு மனிதரின் வெறுப்பை நீக்கிவிட்டால் அவருக்குத் தானாக நிறைவு வந்துவிடாது என்று ஹெர்ஸ்பர்க் முடிவுக்கு வந்தார். அவருடைய கருத்தை எல்லா அறிஞர்களும் ஏற்றுக்கொள்வதில்லை. ஆனாலும் நம் வீட்டுச் சமையலறைக்குத் தெரிந்த உண்மைதான் இது. உப்பில்லாத குழம்பை வாயில் வைக்க முடியாது. அதற்காக, உப்பு போட்டதாலேயே குழம்பு விருந்தாகிவிடுமா? சம்பளம் அந்த உப்பைப் போன்றது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1984ம் ஆண்டு ஆண்ட்ரூ ஜேம்ட்டன் என்ற மெய்யியல் அறிஞர், செவிலியர்களின் பணி பற்றி எழுதியபோது ஒரு வேதனைக்குப் பெயர் கொடுத்தார். சரியானது எது என்று செவிலியருக்குத் தெரிகிறது. ஆனால் மருத்துவமனையின் அமைப்பு அதைச் செய்ய விடுவதில்லை. அப்போது உள்ளே எழும் துன்பத்தை அறநெறித் துயரம் என்று நாம் சொல்லலாம். அது உடல் களைப்பு அல்ல. தூங்கி எழுந்தால் அது போய்விடாது. விடுமுறை எடுத்தாலும் கூடவே வரும். அந்த இளைஞருக்கு இருந்தது அதுதான். அவருடைய மனச்சான்று இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அந்த வயிற்றுக் கலக்கமே சாட்சி.

போவாசின் வயல்

இப்போது விவிலியத்துக்கு வருவோம். நல்ல வேலையிடம் எப்படி இருக்கும் என்று அறிய விரும்புகிறவர்கள் ரூத்து நூலின் இரண்டாம் அதிகாரத்தை ஒருமுறை பொறுமையாக வாசித்துப் பாருங்கள். வாற்கோதுமை அறுவடைக் காலம். பெத்லகேமில் போவாசு என்ற நிலக்கிழாரின் வயல். அங்கே ரூத்து கதிர் பொறுக்க வருகிறார். அவர் அந்த வயலின் கூலியாள்கூட அல்ல. கணவனை இழந்தவர். மோவாபு நாட்டிலிருந்து வந்த அயலினத்தவர். இன்றைய சொல்லில், வெளி மாநிலத்திலிருந்து வந்த, எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லாத பெண்.

போவாசு வயலுக்கு வந்ததும் முதலில் செய்தது என்ன? எத்தனை கட்டு அறுத்தீர்கள் என்று கேட்கவில்லை. ஆண்டவர் உங்களோடு இருக்கட்டும் என்று வேலையாள்களை வாழ்த்தினார். அவர்களும் ஆண்டவரின் ஆசியைச் சொல்லிப் பதில் வாழ்த்துக் கூறினார்கள். திருப்பலியில் குரு பீடத்திலிருந்து நமக்குச் சொல்லும் வாழ்த்து, ஒரு முதலாளி வியர்வை சிந்தும் கூலியாள்களுக்குச் சொன்ன வாழ்த்தாகவும் விவிலியத்தில் இருக்கிறது. ஞாயிறன்று கோயிலில் அந்த வாழ்த்துக்குப் பதில் சொல்லும் நாம், திங்களன்று கடையைத் திறக்கும்போது நம் வேலையாளின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்கிறோமா?

இரண்டாவதாக, பெண்ணின் பாதுகாப்பு. அந்தப் பெண்ணை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று போவாசு தம் ஆள்களுக்குக் கட்டளையிட்டார். அவர் அவளிடம், "நீ கவனமாக இருந்துகொள்" என்று சொல்லி விடவில்லை. ஆண்களுக்குக் கட்டளை கொடுத்தார். அதைக் கட்டளையாகக் கொடுத்திருப்பதை ரூத்துக்கும் தெரிவித்தார். இன்று நம் நாட்டில் 2013ம் ஆண்டின் சட்டப்படி, 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் எந்த இடத்திலும் பாலியல் தொல்லை பற்றிய புகார்களைக் கேட்க ஒரு குழு இருக்க வேண்டும். உங்கள் நிறுவனத்தில் அந்தக் குழு இருக்கிறதா? இருக்கிறது என்றால், அங்கே வேலை செய்யும் பெண்களுக்கு அது தெரியுமா?

மூன்றாவதாக, தண்ணீரும் உணவும் இருக்கையும். தாகம் எடுத்தால் வேலையாள்கள் மொண்டு வைத்த தண்ணீரைக் குடித்துக்கொள் என்றார். சாப்பாட்டு நேரத்தில் அருகே அழைத்தார். ரூத்து அறுவடை செய்வோரின் பக்கத்தில் அமர்ந்தார் என்கிறது நூல். போவாசே வறுத்த தானியத்தை எடுத்துக் கொடுத்தார். அவர் வயிறார உண்டார், மீதியும் வைத்துக்கொண்டார். அன்று மாலை அந்த மீதியை மாமியார் நகோமியிடம் கொடுத்தார். கவனித்தீர்களா? வேலையிடத்தில் கிடைத்த நிறைவு வீடு வரைக்கும் போகிறது. வேலையிடத்தில் பட்ட அவமானமும் அப்படித்தான் வீட்டுக்கு வரும். பிள்ளைகள் மேல் விழும் காரணமில்லாத அடிகள் பல, எங்கோ ஓர் அலுவலகத்தில் தொடங்கியவை.

நான்காவதாக, மானம். கட்டுகளிலிருந்து சில கதிர்களை வேண்டுமென்றே உருவி விட்டு வையுங்கள், அவள் பொறுக்கட்டும், அவளை அதட்டாதீர்கள் என்று போவாசு தம் ஆள்களிடம் சொன்னார். தானியத்தைச் சும்மா அள்ளிக் கொடுத்திருக்கலாம். ஆனால் அவள் தன் கையால் உழைத்துச் சேர்த்தேன் என்று தலைநிமிர்ந்து போக வேண்டும் என்று நினைத்தார். அறுவடையின்போது சிந்திய கதிர்களை ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிட வேண்டும் என்பது லேவியர் நூலில் உள்ள சட்டம். போவாசு அந்தச் சட்டத்தோடு நிற்கவில்லை. சட்டம் முடிந்த இடத்தில் அவருடைய அறம் தொடங்கியது.

அதன் விளைவு என்ன? ரூத்து மாலை வரை உழைத்தார். கதிர்களை அடித்துப் பார்த்தபோது ஏறக்குறைய ஓர் ஏப்பா வாற்கோதுமை இருந்தது. அது இருபது லிட்டருக்கும் மேற்பட்ட அளவு என்று விவிலிய அறிஞர்கள் கணக்கிடுகிறார்கள். மதிப்போடு நடத்தப்பட்டவர் மனதோடு உழைத்தார்.

நாற்காலியும் அனுமதியும்

ரூத்து அமர்ந்தார் என்றோம். அமர்வது என்ன பெரிய காரியமா? நம் ஊர்த் துணிக்கடைகளில் வேலை செய்யும் பெண்களைக் கேளுங்கள். காலையில் கடை திறக்கும்போது நிற்கத் தொடங்கி, இரவு ஷட்டர் இறங்கும்வரை நிற்கிறவர்கள் அவர்கள். நம் பங்கிலும் அப்படிப்பட்ட சகோதரிகள் இருக்கிறார்கள். காலில் நரம்பு முடிச்சிட்டுப் புடைத்திருப்பதைச் சேலையால் மறைத்துக்கொண்டு நன்மை வாங்க வரிசையில் வருகிறார்கள்.

கேரளத்தில் 2018ம் ஆண்டும், நம் தமிழ்நாட்டில் 2021ம் ஆண்டும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் பற்றிய சட்டம் திருத்தப்பட்டது. வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ள ஊழியர்களுக்கு இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்று அதில் சேர்த்தார்கள். தமிழ்நாட்டின் மூலச் சட்டம் 1947ம் ஆண்டைச் சேர்ந்தது. மனிதர் உட்காரலாம் என்று எழுதி வைக்க நமக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

நம் பங்கைச் சேர்ந்த ஒரு சகோதரியிடம், "உங்க கடையில நாற்காலி போட்டாங்களாம்மா?" என்று கேட்டோம். "போட்டாங்க சாமி. ஆனா உக்காந்தா சூப்பர்வைசர் ஒரு பார்வை பாப்பாரு. அந்தப் பார்வைக்கு நின்னுக்கிட்டே இருக்கலாம்" என்றார். சட்டம் நாற்காலியைக் கொண்டுவந்தது. உட்காரும் அனுமதியை மனிதர்கள்தாம் கொடுக்க வேண்டும். சட்டத்துக்கும் அறத்துக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு பார்வையில் இருக்கிறது.

முதலாளிகளை மட்டும் சொல்லிவிட்டு நாம் தப்பித்துவிட முடியாது. நாற்பது சேலையை விரித்துப் போடச் சொல்லிவிட்டு, ஒரு நன்றிகூடச் சொல்லாமல் எழுந்து போகிற வாடிக்கையாளர் யார்? நாம்தான். உட்கார்ந்திருக்கும் விற்பனைப் பெண்ணைப் பார்த்து, சோம்பேறி என்று நினைப்பவரும் நாம்தான்.

போதும் என்பதன் பொருள்

இனி, வேலை செய்பவரின் பக்கம். யோர்தான் ஆற்றங்கரையில் திருமுழுக்கு யோவானிடம் வரிதண்டுவோரும் படைவீரரும் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டதாக லூக்கா நற்செய்தி மூன்றாம் அதிகாரம் கூறுகிறது. அந்தக் காலத்தில் மக்கள் வெறுத்த இரண்டு வேலைகள் அவை. அந்த வேலைகளை விட்டுவிட்டுப் பாலைநிலத்துக்கு வாருங்கள் என்று யோவான் சொல்லவில்லை. வரிதண்டுவோரிடம், விதித்த அளவுக்கு மேல் வாங்காதீர்கள் என்றார். படைவீரரிடம், மிரட்டியும் பொய்க்குற்றம் சாட்டியும் பணம் பறிக்காதீர்கள், உங்கள் கூலி போதும் என்று இருங்கள் என்றார். நேர்மையையும் மனநிறைவையும் அவர் ஒரே மூச்சில் சொல்கிறார். இரண்டும் ஒரே வேரில் வளர்பவை. மேசைக்கு அடியில் கை நீட்டிப் பழகியவருக்கு எந்தச் சம்பளமும் போதாது. அவருடைய கண் எப்போதும் அடுத்த உறையின் மேல்தான் இருக்கும்.

ஆனால் இந்த வார்த்தையை முதலாளிகள் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கொடுத்த கூலியை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிரு என்பது இதன் பொருள் அல்ல. ஏழைக் கூலியாளின் கூலியை அன்றன்று சூரியன் மறையுமுன் கொடுத்துவிட வேண்டும் என்கிறது இணைச்சட்ட நூல். அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி கடவுளிடம் கூக்குரலிடுகிறது என்கிறார் புனித யாக்கோபு. 1891ம் ஆண்டு திருத்தந்தை 13ம் லியோ 'ரேரும் நொவாரும்' என்ற சுற்றுமடலில், தொழிலாளி சிக்கனமாகவும் மானத்தோடும் வாழப் போதுமான கூலி நீதியின்படி அவருக்கு உரியது, அவர் வறுமையால் குறைந்த கூலிக்கு ஒத்துக்கொண்டாலும் அது அநீதியே என்று கற்பித்தார். அதன் 90ம் ஆண்டு நிறைவில், 1981ம் ஆண்டு, புனித திருத்தந்தை 2ம் யோவான் பவுல் 'லபோரெம் எக்செர்சென்ஸ்' சுற்றுமடலை எழுதினார். வேலை மனிதருக்காகவே இருக்கிறது, மனிதர் வேலைக்காக இல்லை என்பது அதன் மையக் கருத்து. போலந்து நாட்டில் கல்குவாரியிலும் இரசாயனத் தொழிற்சாலையிலும் இளமையில் வேலை செய்தவர் அவர். ஏட்டில் மட்டும் படித்து அதை எழுதவில்லை.

அநீதியான முதலாளியிடம் நேர்மையாக உழைக்க முடியுமா? யாக்கோபைப் பாருங்கள். லாபானிடம் இருபது ஆண்டுகள் வேலை செய்தார். லாபான் பத்துமுறை கூலியை மாற்றினான். யாக்கோபு பகலில் வெயிலிலும் இரவில் குளிரிலும் வாடி ஆடுகளைக் காத்தார். ஆனால் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. கடைசியில் லாபானின் முகத்துக்கு நேரே தம் கணக்கைச் சொன்னார். தம் கை சுத்தமாக இருந்ததால்தான் அவரால் குரலை உயர்த்த முடிந்தது.

நம் வளாகத்துக்குள்

சகோதர சகோதரிகளே, பிறரைச் சொல்லும்போது நம் முதுகையும் பார்க்க வேண்டும். ஒருமுறை பாஸ்கா திருவிழிப்பு முடிந்து, நள்ளிரவு தாண்டி, நம் கோயில்பிள்ளை தனியாக மெழுகுதிரிச் சொட்டுகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "கடைசியா எப்ப லீவு எடுத்தீங்க?" என்று விளையாட்டாகக் கேட்டோம். "கோயில் மணிக்கு லீவு உண்டா சாமி?" என்றார். இருவரும் சிரித்தோம். அறைக்கு வந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வாரம் ஒரு நாள் ஓய்வு கட்டளை என்று பீடத்தில் நின்று பிரசங்கம் செய்கிறோம். அந்தப் பிரசங்கத்துக்கு மணி அடிப்பவருக்கு ஓய்வு நாள் இல்லை. அவருடைய சம்பளம் கடைசியாக எப்போது உயர்ந்தது என்பதும் நமக்குத் தெரியவில்லை. குற்றம் நம்முடையது.

அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் அதைச் சொன்னோம். இப்போது அவருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில் என்பது தாளில் எழுதிக் கையொப்பமிடப்பட்டிருக்கிறது. இது தர்மம் அல்ல. தாமதமாகக் கொடுத்த கடன். உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அக்காவுக்கும் இப்படி ஒரு கடன் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த இளைஞருக்குச் சொன்னது

கடைசியாக, திண்ணையில் உட்கார்ந்திருந்த இளைஞரிடம் வருவோம். அடுத்த வாரம் மீண்டும் வரச் சொல்லி, அவரிடம் இப்படிப் பேசினோம்.

"தம்பி, பிறர் செய்யும் தவறோடு நமக்கு இருக்கும் தொடர்பு ஒரே மாதிரியானது அல்ல என்று திருச்சபையின் அறநெறி இயல் கற்பிக்கிறது. தவறை விரும்பி அதில் சேர்ந்துகொள்வது ஒன்று. அது எப்போதும் பாவம். விரும்பாமல், நம் வழக்கமான வேலையின் வழியே தூரத்திலிருந்து அதற்குப் பயன்பட்டுவிடுவது வேறொன்று. நிறுவனம் செய்யும் ஒவ்வொரு தவறையும் உன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ளாதே. ஆனால் பொய்யான தேதியை எழுதுவது உன் கை. வராத சரக்குக்குக் கையொப்பமிடுவது உன் பெயர். அங்கேதான் நீ நிற்க வேண்டிய கோடு இருக்கிறது. வேலையை நாளைக்கே விட்டுவிடு என்று நாம் சொல்லமாட்டோம். குடும்பத்தைக் காப்பதும் கடமைதான். முதலில் மேலாளரிடம் தனியாக, மரியாதையாகச் சொல். தவறு செய்தவரை முதலில் தனியே சந்தித்துப் பேசச் சொன்னவர் நம் ஆண்டவர். பிறகும் சொன்னால், எழுத்தில் தரும்படி கேள். வேறு வேலையும் தேடத் தொடங்கு. நாமும் செபிக்கிறோம், தெரிந்தவர்களிடம் விசாரிக்கிறோம்."

அவர் அப்படியே செய்தார். எழுத்தில் தாருங்கள் என்று கேட்டதும் மேலாளர் ஒன்றும் பேசாமல் போய்விட்டாராம். அதன் பிறகு அவரிடம் அப்படிப்பட்ட பில் வருவதில்லை. இந்த ஆண்டுப் பதவி உயர்வுப் பட்டியலில் அவருடைய பெயரும் வரவில்லை. வேறு வேலை இன்னும் அமையவில்லை.

போன வாரம் பார்த்தபோது, "ஞாயித்துக்கெழமை சாயங்காலம் எப்படி இருக்கு?" என்று கேட்டோம். "வயிறு கலக்கல ஃபாதர். தூக்கம் வருது. ஆனா அந்த பில்லெல்லாம் இப்ப பக்கத்து டேபிள் பையன்கிட்ட போகுது. அவன் மூஞ்சியப் பாத்தா கஷ்டமா இருக்கு" என்றார்.

அதனால், ஒருவர் நேர்மையாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் உங்களிடம் சொல்லப் போவதில்லை. ஒருவருடைய நேர்மை அவருக்குத் தூக்கத்தைத் தருகிறது. பக்கத்து மேசைக்காரருக்கும் தூக்கம் வர வேண்டுமானால், அந்த இடத்தின் தலைவர் போவாசைப் போல இருக்க வேண்டும். அல்லது அங்கே வேலை செய்பவர்கள் ஒருவர் பின் ஒருவராக, எழுத்தில் தாருங்கள் என்று கேட்கத் தொடங்க வேண்டும். "அந்தப் பையனிடம் பேசினாயா?" என்று கேட்டோம். "இந்த வாரம் பேசுறேன் ஃபாதர்" என்றிருக்கிறார். அவ்விருவருக்காகவும் செபியுங்கள்.

1955ம் ஆண்டு திருத்தந்தை 12ம் பயஸ், மே முதல் நாளைத் தொழிலாளரான புனித யோசேப்பின் நாளாகத் திருச்சபைக்குக் கொடுத்தார். யோசேப்பு பேசிய ஒரு வார்த்தைகூட நற்செய்தியில் இல்லை. நாசரேத்துக்காரர்கள் இயேசுவைத் தச்சருடைய மகன் என்றே அடையாளம் சொன்னார்கள். தந்தையின் தொழிலைச் சொல்லி மகனை அறியும் அளவுக்கு அவருடைய உழைப்பு அந்த ஊரில் நிலைத்திருந்தது. நம் பிள்ளைகளும் நம் தொழிலைச் சொல்லும்போது தலைகுனியாமல் இருக்க வேண்டும் என்று இன்று அவரிடம் மன்றாடுவோம்.

எல்லாம் வல்ல இறைவன் உங்கள் கைகளின் உழைப்பை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.